கொடையும் நஞ்சும் ஒரே சொல்



சொல் பொருளைக் குறிக்கும் என்பது இலக்கணத்தின் முதற்பாடம். ஒரே சொல் பல பொருள்களைக் குறிப்பதும் உண்டு என்பது அடுத்த பாடம். தமிழ் நிகண்டு நூலார் இத்தகைய சொற்களுக்கென ஒருசொல் பல்பொருட் பெயர்த்தொகுதி என்னும் தனிப் பகுதியையே வகுத்தனர். ஆயின் அத்தொகுதி ஒரு மொழியின் எல்லைக்குள் நிற்பது. எல்லையைக் கடந்தவுடன் அதே சொல்லுரு வேறொரு பொருளைச் சுமந்து நிற்குமாயின் அதனை எத்தொகுதியில் சேர்ப்பது?

ஐரோப்பாவில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. அங்கே ஒரு பகற்பொழுதுப் புகைவண்டிப் பயணத்தில் இரண்டு மூன்று மொழிகளைக் கடந்துவிடலாம். மேற்கிலும் நடுவிலும் வழங்கும் மொழிகள் பெரும்பாலும் இலத்தீன எழுத்தையே கொண்டவை. ஆகவே பெயர்ப்பலகையில் பழகிய சொல்லைக் காணும் பயணி, அதன் பொருளையும் அறிந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறான். அவ்வெண்ணம் பலமுறை பிழையாகிறது. இத்தகைய சொற்களுக்குப் பிரெஞ்சுக்காரர் 'பொய் நண்பர்' என்று பெயர் வைத்தனர். 1928ஆம் ஆண்டில் மக்ஸிம் கெஸ்லெர், ஜூல் தெரொக்கிஞி என்னும் இருவர் ஆங்கிலச் சொற்கள் செய்யும் வஞ்சனையைப் பற்றி மொழிபெயர்ப்பாளர்க்கு அறிவுரையாக எழுதிய நூலின் தலைப்பிலிருந்து அப்பெயர் உலகெங்கும் பரவியது. பெயர் பொருத்தமானதே. ஆயினும் அது பாதி உண்மையையே கூறுகிறது என்பதை எடுத்துக்காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோர், தலைப்பிலுள்ள சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். 'கிஃப்ட்' என்றால் ஆங்கிலத்தில் பரிசு, கொடை. ஜெர்மன் மொழியில் அதே எழுத்துகளால் அமைந்த 'கிஃப்ட்' நஞ்சு. ஸ்வீடன், டென்மார்க், நார்வே நாடுகளின் மொழிகளில் அதற்கு இரண்டு பொருள்கள்: ஒன்று நஞ்சு, மற்றொன்று திருமணம் ஆனவர். இம்மூன்று பொருள்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு முதலில் நகைப்பு வரும். சற்று நின்று நோக்கினால் நகைப்பு அடங்கிவிடும். மூன்றுக்கும் வேர் ஒன்றே. கொடுத்தல் என்பதே அவ்வேரின் பொருள்.

கையாற் கொடுப்பது பரிசாயிற்று. பெண்ணைக் கொடுப்பது மணமாயிற்று. திருமண உறவைக் 'கொள்வினை கொடுப்பினை' என்று வழங்கும் தமிழர்க்கு இதில் வியப்பேதும் இராது. நஞ்சாயின வகை எங்ஙனம்? கிரேக்க மொழியில் 'தோசிஸ்' என்றால் கொடுத்தல். மருத்துவர் கொடுக்கும் மருந்தின் அளவையும் அச்சொல்லே குறித்தது. இலத்தீனம் அதனை ஏற்றது. அதன் சாயலில் ஜெர்மானிய மொழியினரும் 'கொடுக்கப்பட்டது' என்னும் சொல்லை மருந்துக்கும், பின்னர் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் நஞ்சுக்கும் வழங்கினர். நன்னூலார் மங்கலம் என்றும் இடக்கரடக்கல் என்றும் கூறும் தகுதி வழக்குகளுக்கு இஃது உறவு. காலப்போக்கில் அடக்கிச் சொன்ன பொருளே ஜெர்மன் மொழியில் நிலைபெற்றது. பரிசு என்னும் பழம்பொருள் அம்மொழியை விட்டு அகன்றது. ஆயினும் முற்றாக அகன்றுவிடவில்லை. மணமகளுடன் கொடுத்தனுப்பும் சீதனத்துக்கு ஜெர்மன் மொழியில் இன்றும் 'மிட்கிஃப்ட்' என்றே பெயர். உடன் கொடுப்பது என்பது அதன் நேர்ப்பொருள். நஞ்சு என்று மட்டுமே அறியப்படும் சொல், ஒரு மணவீட்டின் மூலையில் தன் பழைய பொருளோடு இன்னும் அமர்ந்திருக்கிறது.

பிரெஞ்சு மானிடவியல் அறிஞர் மார்செல் மோஸ் 1924ஆம் ஆண்டில் இவ்வொரு சொல்லின் இரு பொருளைப் பற்றியே ஒரு சிறு கட்டுரை எழுதினார். கொடையைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற பெருங்கட்டுரை அடுத்த ஆண்டில் வெளிவந்தது. கொடுப்பது, பெறுவது, திருப்பிக் கொடுப்பது என்னும் மூன்று கடப்பாடுகளாலும் பழஞ்சமூகங்கள் கட்டுண்டிருந்தன என்பது அக்கட்டுரையின் மையக் கருத்து. பெறுபவனைக் கட்டிப்போடும் ஆற்றல் கொடைக்கு உண்டு. அக்கட்டு சில வேளை இடராகவும் முடியும். ஓர் அறிஞரின் கோட்பாட்டுக்கு இத்தகைய சொல் துணைநின்றது. பொய் நண்பன் என்று ஒதுக்கியிருந்தால் அத்துணை கிடைத்திராது.

எனினும் உருவம் ஒத்த எல்லாச் சொற்களும் உறவினர் அல்லர் என்பதையும் இங்கேயே கூறிவிட வேண்டும். இத்தாலியில் குழாயின் மேல் 'கால்டோ' என்று எழுதியிருப்பதைக் காணும் ஜெர்மானியன், தன் மொழியின் 'கால்ட்' என்னும் சொல்லை நினைத்துக் குளிர்நீர் வரும் எனக் கையை நீட்டுவானாயின் கை வெந்துபோகும். இத்தாலியச் சொல்லுக்குச் சூடு என்பது பொருள்; அஃது இலத்தீனத்தின் வழி வந்தது. ஜெர்மன் சொல் வேறு வேரிலிருந்து முளைத்தது. 'புர்ரோ' என்றால் இத்தாலியருக்கு வெண்ணெய், ஸ்பானியருக்குக் கழுதை. முன்னது வெண்ணெயைக் குறித்த கிரேக்க, இலத்தீனச் சொல்லின் தேய்வு. பின்னது சிறு குதிரையைக் குறித்த வேறொரு சொல்லின் தேய்வு. பின்லாந்து மொழியில் 'ஹல்லிதுஸ்' என்றால் அரசாங்கம். கடலுக்கு அப்பால் எஸ்தோனியாவில் அதே சொல் ரொட்டியில் பூக்கும் பூஞ்சணத்தைக் குறிக்கும். இவ்விரு மொழிகளும் நெருங்கிய உறவுடையவை. ஆயினும் இச்சொற்கள் இரண்டும் தனித்தனி வேரின. ஒன்று ஆளுதலிலிருந்தும், மற்றொன்று சாம்பல் நிறத்திலிருந்தும் பிறந்தன.

இவை தற்செயல் ஒற்றுமைகள். சந்தையில் எதிர்ப்படும் அந்நியர் ஒருவரின் முகம் வீட்டில் உள்ளவர் முகத்தை ஒத்திருப்பது போன்றவை. நகைச்சுவைக்கு உதவும், பொருளாராய்ச்சிக்கு உதவா. கவிஞர் கருத வேண்டியவை இரண்டாம் வகைச் சொற்கள். ஒரு வயிற்றிற் பிறந்து, வெவ்வேறு ஊர்களில் வாழ்க்கைப்பட்டு, அடையாளம் மாறிப்போனவை அவை.

பழைய ஜெர்மானிய மொழியில் வேலியைக் குறித்த ஒரு சொல் இருந்தது. ஜெர்மன் மொழியில் அது 'ட்சவுன்' என்றாகி இன்றும் வேலியாகவே நிற்கிறது. நெதர்லாந்தில் 'டாய்ன்' என்றாகி, வேலிக்குள் மலரும் தோட்டத்தைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் 'டவுன்' என்றாகி, வேலிக்குள் குடியேறிய மக்களின் நகரத்தைக் குறிக்கிறது. ஒரு கூட்டத்தார் எல்லையை நினைவில் வைத்தனர்; ஒரு கூட்டத்தார் உள்ளே வளர்ந்த செடியை நினைவில் வைத்தனர்; மற்றொரு கூட்டத்தார் உள்ளே வாழ்ந்த மனிதரை நினைவில் வைத்தனர்.

இலத்தீனத்தில் 'லார்குஸ்' என்றால் நிறைந்தது, வள்ளன்மை உடையது. அதிலிருந்து வந்த 'லார்கோ' ஸ்பானிய மொழியில் நீளம். அதே 'லார்கோ' இத்தாலிய மொழியிலும் போர்த்துக்கீசிய மொழியிலும் அகலம். பிரெஞ்சு மொழியின் 'லார்ஜ்' அகலம். அதே எழுத்துகளைக் கொண்ட ஆங்கிலச் சொல் பெரியது. மேனாட்டு இசையில் 'லார்கோ' என்று குறித்தால் இசைஞர் மிக மெதுவாக வாசிப்பர். வள்ளன்மை ஒருபுறம் நீண்டது, ஒருபுறம் அகன்றது, இசையில் அது காலத்தையே விரித்தது.

கடலுக்கும் ஏரிக்கும் உரிய சொற்கள் இன்னும் விந்தையானவை. ஜெர்மன் மொழியில் 'மேர்' என்றால் கடல். 'ஸே' என்பது பெண்பாலில் வந்தால் கடல், ஆண்பாலில் வந்தால் ஏரி. நெதர்லாந்தில் 'ஸே' கடல், 'மேர்' ஏரி. இவ்வேறுபாடு நிலப்படத்திலேயே பதிந்திருக்கிறது. நெதர்லாந்தின் நடுவே உட்புகுந்திருந்த கடற்பகுதிக்குத் தென்கடல் என்னும் பொருளில் 'ஸாய்டர்ஸே' என்று பெயர். 1932ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நீளமுள்ள அணையால் அதன் வாயை அடைத்தனர். ஐசல் ஆற்றின் நீர் உப்பைக் கழுவியது. கடல் ஏரியாயிற்று, பெயரும் 'ஐசல்மேர்' என மாறியது. ஈற்றில் நின்ற 'ஸே' போய் 'மேர்' வந்தது. இப்பெயர் மாற்றத்தை ஜெர்மன் காதோடு கேட்பவர்க்கு ஏரி கடலானதுபோல் தோன்றும். ஓர் அணையின் வரலாறே அங்குத் தலைகீழாகிவிடும்.

சில சொற்களின் பிரிவில் சமூகத்தின் ஏற்றத்தாழ்வு தெரிகிறது. சிறுவன், ஏவலாள் என்னும் பொருளுடைய பழஞ்சொல் ஒன்று இங்கிலாந்தில் அரசனுக்குப் படைக்கலம் ஏந்திப் பணிபுரிந்தவனைக் குறிக்கத் தொடங்கி, 'நைட்' என்னும் உயர்ந்த பட்டமாயிற்று. ஜெர்மன் மொழியில் அதே சொல் 'க்னெஹ்ட்' என்று வழங்கிப் பண்ணையாளாகவும் ஏவலாளாகவும் நின்றுவிட்டது. உடன்பிறந்தார் இருவரில் ஒருவன் அரண்மனைக்குச் சென்றான். மற்றவன் தொழுவத்திலேயே தங்கினான். இன்னொரு சொல்லில் இதற்கு நேர்மாறாக நடந்தது. ஜெர்மன் மொழியின் 'க்னாபெ' இன்றும் சிறுவனே. ஆங்கிலத்தில் அச்சொல்லின் உறவான 'நேவ்' கயவனாயிற்று. ஏழைச் சிறுவனைக் குறித்த சொல் கயவனைக் குறிக்கும் சொல்லாக மாறியதில், ஏழையைப் பிறர் எவ்வாறு நோக்கினர் என்பதும் பதிந்துள்ளது.

கிழக்கே ஸ்லாவிய மொழிகளுக்குச் சென்றால் பிரிவு இன்னும் கூர்மையாகிறது. செக் மொழியில் 'செர்ஸ்த்வி' என்று ரொட்டியைச் சொன்னால் அப்போதுதான் சுட்ட புதுரொட்டி. ருஷ்ய மொழியில் சற்றே ஒலி மாறிய அதே சொல் காய்ந்து இறுகிய பழைய ரொட்டியைக் குறிக்கும். போலந்து மொழியிலும் ரொட்டிக்கு அஃது அடைமொழியானால் பழையது என்றே பொருள். முதியவர்க்கு அடைமொழியானால் தளராத உடல்வலிமை உடையவர் என்று பொருள். மூலப்பொருள் உறுதி, திண்மை. உறுதியை ஒரு மக்கள் புதுமையாகவும் வலிமையாகவும் கண்டனர். மற்றொரு மக்கள் இறுக்கமாகக் கண்டனர்.

'பொஸோர்' என்னும் சொல் பார்வையைக் குறித்த வேரிலிருந்து வந்தது. செக் மொழியில் அது 'கவனம்' என்னும் எச்சரிக்கை; தெருப்பலகைகளில் நாள்தோறும் காணப்படுவது. செர்பிய மொழியில் அதிலிருந்து பிறந்த 'பொஸோரிஷ்தெ' நாடக அரங்கு. ருஷ்ய மொழியிலோ 'பொஸோர்' என்றால் இழிவு. பலர் பார்க்கத் தலைகுனிந்து நிற்கும் நிலை. 1968ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் சோவியத் ஒன்றியத்தின் தலைமையில் வந்த படைகள் பிராக் நகரத் தெருக்களில் நுழைந்தன. அத்தெருக்களில் எச்சரிக்கையாக வழங்கிய சொல் ஒரு ருஷ்யச் சிப்பாயின் காதில் விழுந்திருக்குமாயின், அஃது இழிவு என்றே ஒலித்திருக்கும். அகராதி அமைத்தவர் எவரும் திட்டமிடாத பொருத்தம் இது.

இவ்வுரைக்கு மிகவும் இன்றியமையாத சொல் இனி வருவது. ருஷ்ய மொழியில் 'ஸபோம்னித்' என்றால் நினைவில் வைத்துக்கொள்ளுதல். போலந்து மொழியில் 'ஸபோம்ன்யெச்' என்றால் மறந்துபோதல். இரண்டும் ஒரே வேர், ஒரே முன்னொட்டு. நடுவில் நிற்கும் வேர் நினைவைக் குறிப்பது. இலத்தீன 'மென்ஸ்', சமஸ்கிருத 'மனஸ்' ஆகியவற்றுக்கு உறவானது. முன்னொட்டாகிய 'ஸ' அப்பால், பின்னால் என்னும் இடப்பொருளையும், வினையை முடித்து நிலைநிறுத்தும் பொருளையும் தரவல்லது. ருஷ்ய மொழி நினைவில் நிலைநிறுத்துவதை எடுத்துக்கொண்டது. போலந்து மொழி நினைவுக்கு அப்பால் போய்விடுவதை எடுத்துக்கொண்டது.

இவ்விரு மொழியினரும் வெறும் அண்டை வீட்டார் அல்லர். போலந்தின் பெரும்பகுதி நூறாண்டுகளுக்கு மேல் ருஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. 1863ஆம் ஆண்டில் எழுந்த கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் பள்ளிகளில் போலந்து மொழியின் இடத்தை ருஷ்ய மொழி படிப்படியாகக் கைப்பற்றியது. 1869இல் வார்சாவின் உயர்கல்விக்கூடம் மூடப்பட்டு, அதன் இடத்தில் ருஷ்ய மொழியிற் கற்பிக்கும் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1905ஆம் ஆண்டில் மாணவர்கள் தாய்மொழிக் கல்வியைக் கோரிப் பள்ளிகளைப் புறக்கணித்தனர். அத்தகைய வகுப்பறை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். மேடையில் நிற்கும் ஆசிரியர் ருஷ்ய மொழியில் 'நினைவில் வையுங்கள்' என்கிறார். விசிப்பலகையில் அமர்ந்த மாணவர்க்கு இரு மொழியும் தெரியும், பொருள் விளங்கும். ஆனால் வீட்டில் தாய் பேசும் மொழியில் அதே ஒலி 'மறந்துவிடுங்கள்' என்கிறது. ஆள்வோர் நினைக்கச் சொல்வதும், ஆளப்படுவோர் மறக்க நேர்வதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தன. ஒரு வரலாற்று நூல் பல பக்கங்களில் கூறுவதை இச்சொல் தன் இரு முகத்தாலும் கூறிவிடுகிறது.

மூன்றாம் வகை, ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழி கடன்வாங்கியபின் பொருள் பிரிந்த சொற்கள். கணக்கிலேயே இது நேர்ந்திருக்கிறது. 1484ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் நிக்கொலா ஷூகே, பத்து இலட்சத்தைப் பத்து இலட்சத்தாற் பெருக்கி வரும் தொகைக்குப் பில்லியன் என்னும் பெயரைக் கையாண்டார். பின்னர்ப் பிரெஞ்சுக்காரரே அதனை ஆயிரம் மில்லியனாகக் குறைத்து வழங்கினர். அமெரிக்கா அவ்வழக்கை ஏற்றது. பிரிட்டன் பழைய பெருந்தொகையையே கொண்டிருந்து, 1974ஆம் ஆண்டில் அரசுக் கணக்குகளில் அமெரிக்க வழக்குக்கு மாறியது. பிரான்சோ இருபதாம் நூற்றாண்டில் பழைய பெருந்தொகைக்கே திரும்பிவிட்டது. இன்றும் ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில் பில்லியன் என்றால் ஆங்கிலப் பில்லியனைப்போல் ஆயிரம் மடங்கு. ஐயத்துக்கு இடமற்றதாகக் கருதப்படும் எண்ணுக்கே இந்நிலை என்றால், உள்ளத்து உணர்வைக் குறிக்கும் சொற்களின் நிலையைக் கூற வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் 'சென்சிபிள்' எனப்படுபவர் விவேகி. உணர்ச்சியை அடக்கி அறிவின் வழி நடப்பவர். பிரெஞ்சு மொழியில் அதே எழுத்துகளால் குறிக்கப்படுபவர் எளிதில் நெகிழும் உள்ளத்தவர். ஏறத்தாழ எதிர்நிலை எனலாம். ஆங்கிலத்திலும் இதன் பெயர்ச்சொல் முன்னாளில் நெகிழ்ந்த உணர்வையே குறித்தது. ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட புதினத்தின் தலைப்பு, ஒரே இலத்தீன வேரில் முளைத்த இரு சொற்களை அறிவுக்கும் உணர்வுக்கும் பெயராக எதிரெதிரே நிறுத்தியது. 1815இல் அதனைப் பிரெஞ்சில் தந்த இசபெல் தெ மோந்தொலியே இரண்டாம் சொல்லை அவ்வாறே வைத்துக்கொண்டு, முதற்சொல்லுக்கு மட்டும் அறிவு என்னும் வேறு சொல்லை இட்டார். நண்பன் எங்கே மெய்யானவன், எங்கே பொய்யானவன் என்று ஒரே தலைப்புக்குள் பிரித்தறிந்த நுட்பம் அது.

சொல்லின் முகத்தை நம்பியதால் ஒரு வாழ்வே சிதைந்ததும் உண்டு. 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். உண்டது எதுவோ நஞ்சாகிவிட்டது என்னும் கருத்தில் உறவினர் 'இன்டொக்சிகாதோ' என்றனர். ஆங்கிலத்தில் அவ்வுரு போதையைக் குறிக்கும். போதைப்பொருளை மிகுதியாக உட்கொண்டவர் என்று கருதிச் சிகிச்சை நடந்தது. மூளையில் குருதி கசிந்திருந்தது காலந்தாழ்ந்தே தெரியவந்தது. இளைஞர் கைகால் செயலிழந்தார். பின்னர் ஏற்பட்ட இழப்பீட்டு உடன்பாட்டின் மதிப்பு ஏறத்தாழ 7 கோடியே 10 இலட்சம் டாலர். அச்சொல்லின் அடியில் இருப்பது அம்பில் தடவும் நஞ்சைக் குறித்த கிரேக்கச் சொல் என்பது நினைத்தற்குரியது. ஸ்பானிய மொழி நஞ்சை மறக்கவில்லை. ஆங்கிலம் பெரிதும் மறந்துவிட்டது.

இவ்வளவும் கூறியபின், ஐயுறுதலே போதும் என்ற முடிவுக்கு வரலாகாது. ஐயுறுதல் முதற்கடமை. அகராதியைத் திறந்து, முகம் ஒத்த சொல்லை நீக்கி, சரியான சொல்லை இட்டுவிட்டால் செய்திக்கு அது போதும். மருத்துவமனைக்கும் வாணிகத்துக்கும் போதும். கவிதைக்குப் போதாது. வால்டர் பெஞ்சமின் 1923இல் போதலேரின் கவிதைகளுக்குத் தாம் செய்த மொழிபெயர்ப்பின் முன்னுரையில் ரொட்டியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லையும் பிரெஞ்சுச் சொல்லையும் எடுத்துக்காட்டினார். இரண்டும் சுட்டும் பொருள் ஒன்றே. சுட்டும் முறை வேறு. ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்று முழுதும் நிற்க முடியாது என்பது அவர் கருத்து. அப்பிரெஞ்சுச் சொல்லை எழுத்துக் கூட்டினால் ஆங்கிலத்தில் வலியைக் குறிக்கும் 'பெயின்' கிடைக்கும் என்பதும் உண்மை. உறவற்ற இரு சொற்கள். ஒன்று அப்பம், ஒன்று துன்பம். இரு மொழியும் அறிந்த கவிஞன் ஒருவனுக்குத் தற்செயலும் பொருளாகிவிடும்.

இங்குதான் தமிழ்க் கவிஞர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இச்செய்தியோடு நேர்த்தொடர்பு ஏற்படுகிறது. வெ. ஸ்ரீராம் போன்ற சிலர் பிரெஞ்சிலிருந்து நேரே தமிழாக்கியிருக்கின்றனர். ஆயினும் ஐரோப்பியக் கவிதைகளுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வந்துள்ளன. அவ்வழியில் ஒவ்வொரு சொல்லும் இருமுறை சுங்கம் செலுத்துகிறது. ஜெர்மன் கவிஞன் நஞ்சு என்று எழுதும்போது அவன் காதில் சீதனமும் மெல்ல ஒலிக்கலாம். ஆங்கிலம் நஞ்சை மட்டும் எடுத்துக்கொள்ளும். தமிழ் அந்நஞ்சைப் பெறும். கொடை வழியிலேயே தங்கிவிடும். ஹெகல் 1807இல் எழுதிய நூலின் புகழ்பெற்ற பகுதியில் ஆண்டைக்கு எதிரே நிற்பவன் 'க்னெஹ்ட்', அதாவது ஏவலாள். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அவன் பெரும்பாலும் அடிமை என்றே வழங்கப்பட்டான். தமிழிலும் ஆண்டான் அடிமை என்னும் இணை நிலைத்துவிட்டது. உழைப்பினால் தன்னை உணரும் ஏவலாளுக்கும், விலைக்கு வாங்கப்பட்ட அடிமைக்கும் உள்ள தொலைவு அவ்விணையில் மறைந்துபோகிறது.

இழப்பு மட்டுமே நேர்கிறது என்பதும் இல்லை. ஆல்பெர் காமுவின் 1942ஆம் ஆண்டுப் புதினத்தின் தலைப்பாகிய 'எத்ரான்ஷே', பிற நாட்டவன், அறிமுகமற்றவன், உள்ளே சேராதவன் ஆகிய மூன்றையும் ஒருங்கே குறிக்கும். பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் கடன்வாங்கிய 'ஸ்ட்ரேஞ்சர்' அறிமுகமற்றவனை மட்டுமே முதன்மையாகக் கொண்டது. 1946இல் ஸ்டூவர்ட் கில்பெர்ட்டின் ஒரே மொழிபெயர்ப்பு நியூயார்க்கில் 'ஸ்ட்ரேஞ்சர்' என்றும் இலண்டனில் 'அவுட்சைடர்' என்றும் இரு தலைப்புகளில் வெளிவந்தது. தமிழில் ஸ்ரீராம் வைத்த தலைப்பு 'அந்நியன்'. பிற நாட்டவனும் அதில் உண்டு; அறிமுகமற்றவனும் உண்டு; ஒட்டாதவனும் உண்டு. முகத்தால் உறவு கொண்டாடிய ஆங்கிலச் சொல்லால் இயலாததை, முகத்தால் எவ்வுறவும் இல்லாத தமிழ்ச்சொல் செய்தது. மூலத்தை நேரே கேட்டவர்க்கே இச்சொல் அகப்படும்.

ஆகவே வட்டத்தின் உறுப்பினர் கைக்கொள்ளத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. பிறமொழிக் கவிதையைத் தமிழாக்கும்போது, கவிதை எச்சொல்லின் மேல் நிற்கிறதோ அச்சொல்லின் மூல வடிவத்தைத் தேடி அறிந்து, கைப்பிரதியின் ஓரத்தில் தமிழ் எழுத்தில் எழுதிவைத்தல் வேண்டும். அம்மொழி அறிந்தவர் ஒருவரிடம் அதன் இன்றைய பொருளையும் பழைய பொருளையும் கேட்டுக் குறித்தல் வேண்டும். தமிழில் இரண்டும் சேர்ந்து வராமற் போகலாம். அப்போதும் எது விடப்பட்டது என்பதை அறிந்து விடுவதற்கும், அறியாமல் இழப்பதற்கும் வேறுபாடு உண்டு. கவிதை வாசிப்பு நாளில் அவ்வோரக் குறிப்பையும் சேர்த்துப் படித்தால், கேட்பவர்க்கு ஒரு கவிதையோடு ஒரு சொல்லின் வரலாறும் கிட்டும்.

பொய் நண்பர் என்னும் பெயரை மொழிபெயர்ப்பாளர் எச்சரிக்கைக்காக வைத்துக்கொள்ளட்டும். கவிஞர்க்கு அச்சொற்கள் நெடுநாட் பிரிந்திருந்த உறவினர். அவர்களைக் கண்டவுடன் நலம் கேட்டுவிட்டுப் போய்விடுதல் தகாது. இத்தனை நாள் எங்கே இருந்தீர், யாரோடு வாழ்ந்தீர், என்ன நேர்ந்தது என்று அமர்ந்து கேட்டல் வேண்டும். போலந்தில் மறந்துபோனதையும் ருஷ்யாவில் நினைவில் நின்றதையும் ஒரே சொல் வைத்திருக்கிறது. கேட்பார் இருந்தால் அது சொல்லும்.